ஜூன் மாதமும் தீபாவளியும்: குடும்பக் கடன் எங்கே பிறக்கிறது, எங்கிருந்து இறங்குகிறது

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் மே மாதக் கடைசியில் அடகுக் கடைகளிலும் வங்கிகளின் நகைக் கடன் பிரிவிலும் கூட்டம் கூடிவிடும். பள்ளி திறக்கும் நேரம் அது. கல்விக் கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை, வேன் கட்டணம் என எல்லாமே இரண்டு வாரத்துக்குள் வந்து நிற்கின்றன. மீண்டும் அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், இதே கூட்டத்தைப் பார்க்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் என்பதும் ஐப்பசியில் தீபாவளி வரும் என்பதும் ஓராண்டுக்கு முன்பே தெரிந்தவை. ஆயினும் அந்தச் செலவுகள் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராமல் நேர்ந்த இடர்களைப் போலவே எதிர்கொள்ளப்படுகின்றன, கடன் வாங்கித்தான் தீர்க்கப்படுகின்றன.

கடனிலிருந்து மீள்வது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. தேநீரைக் குறையுங்கள், வெளியில் சாப்பிடாதீர்கள், சினிமாவுக்குப் போகாதீர்கள் என்றே அவை தொடங்குகின்றன. மாத வருமானத்தில் வாழும் நடுத்தரக் குடும்பங்களையும், நாள் கூலியிலும் வாரக் கூலியிலும் வாழும் குடும்பங்களையும் கவனித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர்களைக் கடனில் இறக்குவது அன்றாடச் சில்லறைச் செலவைக் காட்டிலும், ஆண்டில் நான்கைந்து முறை மட்டும் மொத்தமாக வரும் செலவுகள்தாம். இறங்கிய பின் மேலே வர விடாமல் பிடித்து வைப்பது, கடன்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதபடி வட்டி சொல்லப்படும் முறை. இந்த இரண்டையும் புரிந்துகொள்ளாமல் செலவுப் பழக்கத்தை மட்டும் மாற்றுவது பெரிய பலன் தராது என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

கடன் இருப்பது அரிதான நிலை அன்று என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய கடன், முதலீடு பற்றிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் 35 விழுக்காடும் நகர்ப்புறக் குடும்பங்களில் 22.4 விழுக்காடும் கடனில் இருந்தன. அதன் பிறகு கைப்பேசிச் செயலிகள் வழியாகக் கடன் கிடைப்பது பல மடங்கு எளிதாகிவிட்டது. இந்தியக் குடும்பங்களின் மொத்தக் கடனில் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன்களின் பங்கு 2025 மார்ச்சில் பாதியைத் தாண்டியிருந்ததாக ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கை கூறியது. அதாவது, சொத்தாக எஞ்சும் வீட்டுக்காக வாங்கும் கடனைவிட, பெரும்பாலும் நுகர்வில் கரைந்துவிடும் கடன்களே கூடுதல். ஆகவே கடன்பட்டவர் எவரும் தம்மை ஒழுக்கம் தவறியவராகக் கருதி ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. ஒளிப்பதுதான் கடனைப் பெருக்குகிறது. கணவர் வெளிவட்டிக்கு வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மனைவி பெயரில் இருக்கும் மூன்று குழுக் கடன்கள் கணவருக்குத் தெரியாது. இருவரும் தனித்தனியே ஒரு கடனை வாங்கி மற்றொன்றை அடைத்துக்கொண்டிருப்பார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதும் வரை வேறு எந்த முயற்சியும் தொடங்கியதாகாது.

வட்டியை ஒரே அளவில் பார்ப்பது

அந்தத் தாளில் எழுத உட்காரும்போதே முதல் சிக்கல் வந்துவிடும். வங்கி தன் வட்டியை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று சொல்கிறது. கிரெடிட் கார்டு நிறுவனம் மாதத்துக்கு 3.5 விழுக்காடு என்கிறது. ஊரில் வெளியே கொடுப்பவர் "மூணு வட்டி", "அஞ்சு வட்டி" என்கிறார். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் என்று பொருள். தண்டல்காரர் வட்டி என்ற சொல்லையே எடுப்பதில்லை. பத்தாயிரத்தில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தந்துவிட்டு, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டச் சொல்கிறார். ஒவ்வொன்றையும் ஆண்டு வட்டிக்கு மாற்றினால்தான் எது கொல்கிறது என்பது விளங்கும்.

மூணு வட்டி என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு. அஞ்சு வட்டி 60 விழுக்காடு. பத்து வட்டி 120 விழுக்காடு. தண்டலை "பத்தாயிரத்துக்கு 1,500தானே, 15 விழுக்காடு" என்று எண்ணுபவர் பலர். ஆனால் கையில் வந்தது 8,500 ரூபாய் மட்டுமே. மேலும், முதல் நாளிலிருந்தே அசல் திரும்பத் தொடங்கிவிடுவதால் முழுத் தொகையும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. இவ்விரண்டையும் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டையே எட்டுகிறது. வட்டிக் கடைகளிலும் வாகனக் கடன்களிலும் காணப்படும் "நிலையான வட்டி" முறையிலும், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடும் முறையிலும், இதே மறைப்பு உண்டு. ஒரு லட்சத்துக்கு 12 விழுக்காடு என்று சொல்லி, 12,000 ரூபாயைச் சேர்த்து, பன்னிரண்டால் வகுத்து, மாதம் 9,333 ரூபாய் கட்டச் சொன்னால், குறையும் அசலின் மீது கணக்கிடும் முறையில் அந்த வட்டி சுமார் 21.5 விழுக்காடு ஆகும். சொன்னதற்கும் உள்ளதற்கும் இடையே ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு.

இந்தக் குழப்பத்தைப் போக்கவே, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்கு வழங்கும் கடன்களுக்கு முக்கிய விவரக் குறிப்பு ஒன்றைத் தர வேண்டும் என்றும், செயலாக்கக் கட்டணம் உள்ளிட்ட எல்லாச் செலவுகளையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை அதில் காட்ட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கடன் வாங்குமுன் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பவர்கள் இன்னும் மிகச் சிலரே. "வட்டியில்லா மாதத் தவணை" என்று விற்கப்படும் கைப்பேசிக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் அங்கே வட்டி இல்லாமல் போவதில்லை. மொத்தப் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியே வட்டியாக மாறியிருக்கிறது. அதன் மேல் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மீது ஜிஎஸ்டியும் சேர்கின்றன.

கிரெடிட் கார்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முழு நிலுவையையும் கெடு நாளுக்குள் கட்டுபவருக்கு அது வட்டியில்லாத வசதி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவருக்கு அது அஞ்சு வட்டிக்கு நெருங்கிய உறவு. நிலுவை 50,000 ரூபாய், மாத வட்டி 3.5 விழுக்காடு என்று கொள்வோம். வட்டி 1,750 ரூபாய், அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 315 ரூபாய், ஆக 2,065. குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 விழுக்காடு எனில் கட்டுவது 2,500 ரூபாய். அசலில் குறைந்தது வெறும் 435 ரூபாய். அதோடு, நிலுவை வைத்திருக்கும் காலத்தில் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லா நாள்கள் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டதால், இன்று அந்த உச்சவரம்பும் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய் மாதம் 40,000 ரூபாய் ஈட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு என்றாலும், திருப்பூரிலோ ஆம்பூரிலோ சென்னைப் புறநகரிலோ இதை ஒத்த குடும்பத்தைக் காண்பது கடினமன்று. வங்கியில் நான்கு பவுனை வைத்து வாங்கிய நகைக் கடன் 1,20,000 ரூபாய், ஆண்டு வட்டி 10 விழுக்காடு. தனிநபர் கடனில் பாக்கி 1,50,000 ரூபாய், வட்டி 16 விழுக்காடு. கிரெடிட் கார்டு நிலுவை 60,000 ரூபாய். வெளியே அஞ்சு வட்டிக்கு வாங்கியது 40,000 ரூபாய். மொத்தம் 3,70,000 ரூபாய்.

மாத வட்டியை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். நகைக் கடனுக்கு 1,000 ரூபாய், தனிநபர் கடனுக்கு 2,000, கிரெடிட் கார்டுக்கு ஜிஎஸ்டியுடன் 2,478, வெளிவட்டிக்கு 2,000; ஆக 7,478 ரூபாய். கடைசி இரண்டு கடன்களும் சேர்ந்து ஒரு லட்சம்தான். மொத்தக் கடனில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். ஆனால் மொத்த வட்டியில் ஐந்தில் மூன்று பங்கை அவையே விழுங்குகின்றன. இத்தகைய குடும்பங்கள் பலவும் பெரிய தொகையான தனிநபர் கடனை நினைத்தே தூக்கம் கெடுகின்றன. சிறிய தொகை என்பதால் கார்டையும் வெளிவட்டியையும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவிடுகின்றன.

அந்த நான்கு பவுன், தங்கம் மலிவாக இருந்த காலத்தில் அடகுக்குப் போனது. 2025 அக்டோபரில் சென்னையில் ஆபரணத் தங்கம் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையான நகைக் கடனுக்குத் தங்க மதிப்பில் 85 விழுக்காடு வரையும், ஐந்து லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் கடன் தரலாம். செய்கூலியும் கல்லும் மதிப்பில் சேரா. எனவே அதே நகையின் மேல் இன்னும் 80,000 ரூபாய் வாங்க இடம் இருக்கிறது. அதைக் கொண்டு வெளிவட்டி 40,000 ரூபாயை முழுவதும் அடைத்து, கார்டில் 40,000 ரூபாயைக் கட்டினால், புதிதாகச் சேரும் வட்டி மாதம் சுமார் 667 ரூபாய். நீங்கும் வட்டியோ 3,652 ரூபாய். முன்பு கார்டுக்குக் குறைந்தபட்சமாக 3,000, வெளிவட்டிக்கு 2,000 என்று கட்டிவந்த ஐயாயிரத்தில் 667 ரூபாய் போக மீதம் 4,333 ரூபாயைக் கார்டில் மாதந்தோறும் கட்டினால், எஞ்சிய 20,000 ரூபாய் நிலுவை ஆறு மாதத்தில் முடிந்துவிடும். சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. அதன் பின் அந்த 4,333 ரூபாயும் நகைக் கடன் அசலுக்குத் திரும்பலாம்.

இந்த மாற்றத்தில் ஒரு பெரிய ஆபத்து இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. நிலுவை குறைந்த கார்டில் மீண்டும் செலவிடத் தொடங்கினால், ஆறு மாதத்தில் நகைக் கடனும் கூடியிருக்கும், கார்டும் நிறைந்திருக்கும். கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது கடனை அடைப்பதாகாது. அடைப்பதற்கான அவகாசத்தை வாங்குவது மட்டுமே. ஆகவே கடன் மாறும் அன்றே கார்டைப் பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும். நிலுவை முடிந்ததும் அதை மூடிவிடலாம். வாடிக்கையாளர் கேட்டு ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி.

நகையே அடகில் இல்லாமல் பெட்டியில் இருக்கும் குடும்பங்கள் அதை விற்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கிறதே, விற்பது இழப்பல்லவா என்பார்கள். தங்கம் ஆண்டுதோறும் 60 விழுக்காடு ஏறும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. அஞ்சு வட்டி ஆண்டுதோறும் 60 விழுக்காடு ஏறுவதோ உறுதி. மகளின் திருமணத்துக்கென வைத்த நகையை விற்கச் சொல்வது எளிதான பேச்சன்று என்பதை அறிவேன். ஆனால் அதே நகையை மூன்றாண்டுகள் மறு அடகு வைத்து வைத்து, ஏலத்தில் இழப்பதைவிட, அதில் ஒரு பகுதியை நல்ல விலைக்கு விற்று எஞ்சியதைக் காப்பாற்றுவதே அந்த மகளுக்கும் நல்லது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் இரு கருத்துகள் உண்டு: வட்டி மிகுந்ததை முதலில் முடிப்பது ஒன்று, தொகை சிறியதை முதலில் முடித்து, முடித்தோம் என்ற ஊக்கத்தோடு அடுத்ததற்குப் போவது மற்றொன்று. மனத்தின் ஊக்கம் உண்மையானதுதான். இருந்தும் நம் ஊரின் வட்டி விகிதங்கள் 10 முதல் 120 வரை விரிந்து கிடக்கும்போது, வட்டி மிகுந்ததை முதலில் அடைப்பதைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மொய்யையும் அந்தத் தாளில் எழுத வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடியிலும் ஆவணியிலும் நடக்கும் மொய் விருந்துகள் உண்மையில் வட்டியில்லாக் கூட்டுக் கடன் ஏற்பாடே. கல்யாணம், காதுகுத்து, கடை தொடங்குவது என்று பணம் தேவைப்படுபவருக்கு ஒரே நாளில் பெருந்தொகை திரண்டுவிடுகிறது. வங்கியோ வட்டிக்காரரோ செய்ய முடியாததை ஊர் நம்பிக்கையால் செய்கிறது, அது போற்றத்தக்கது. ஆனால் மொய் நோட்டில் ஏறிய ஒவ்வொரு வரியும் திருப்பித் தர வேண்டியது, பெரும்பாலும் சற்றுக் கூட்டியே தர வேண்டியது. வந்த தொகையை வருமானமாக எண்ணிச் செலவிட்டவர்கள், அடுத்த ஆண்டுகளில் மொய் செய்வதற்காகவே வட்டிக்கு வாங்குகிறார்கள்.

நாற்பதாயிரம் உண்மையில் முப்பதாயிரம்

அதே குடும்பத்தின் ஆண்டுச் செலவுகளைப் பட்டியலிடுவோம். ஜூனில் பள்ளிச் செலவு 45,000 ரூபாய். தீபாவளிக்கு 20,000. மொய், சீர் வகைக்கு 18,000. வண்டிக் காப்பீடு, பழுது, வீட்டுப் பராமரிப்புக்கு 15,000. மருத்துவத்துக்கு 12,000. ஊர்த் திருவிழா, குலதெய்வக் கோயில் பயணத்துக்கு 10,000. மொத்தம் 1,20,000 ரூபாய், அதாவது மாதம் பத்தாயிரம். இந்தக் குடும்பம் தன் கையில் மாதம் 40,000 ரூபாய் இருப்பதாக எண்ணி வாடகையையும் மளிகையையும் தவணையையும் அமைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அதன் மாத வருமானம் 30,000 ரூபாய்தான். விடுபட்ட பத்தாயிரம், ஜூனிலும் அக்டோபரிலும் கடனாக முளைக்கிறது.

நாளுக்கு இரண்டு தேநீர், ஒன்று 15 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய். மேற்கண்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவரிடம் அந்தத் தேநீரைப் பிடுங்குவது கணக்கிலும் பிழை, மனித நேயத்திலும் பிழை.

சம்பளம் வந்த நாளிலேயே பத்தாயிரத்தை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவதே இதற்கான மருந்து. அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டையும் யுபிஐ இணைப்பும் இருக்கக் கூடாது. அஞ்சலகத் தொடர் வைப்பும் வங்கித் தொடர் வைப்பும் இதற்குப் பொருந்தும். நம் மக்கள் இந்த உண்மையை அறியாதவர்கள் அல்லர். தீபாவளிச் சீட்டும் நகைக்கடைகளின் பதினொரு மாதத் திட்டமும் இதே தேவைக்கு எழுந்தவை. சேமிக்கும் உணர்வு இருக்கிறது. பணம் போய்ச் சேரும் இடம்தான் பல நேரங்களில் பாதுகாப்பற்றது. 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்ட் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறாமல் நடத்தப்படும் சீட்டுகளில் போட்ட பணம் காணாமல் போனால் மீட்பது மிகக் கடினம்.

கடன் தவணை போக மாதம் பத்தாயிரம் எடுத்துவைக்க இயலாது என்பார்கள். இயலாதுதான், ஆனால் முதலாண்டில் மாதம் மூவாயிரம் எடுத்துவைத்தாலும், அடுத்த ஜூனில் 45,000 ரூபாய்க்கு வாங்கியிருக்க வேண்டிய கடன் கணிசமாகக் குறையும். எஞ்சியதற்குப் பள்ளியிடமே தவணை கேட்கலாம். வட்டிக்காரரிடம் கேட்பதைவிட அது கண்ணியக் குறைவானதன்று. கடனை அடைத்து முடித்த பின்தான் சேமிக்க வேண்டும் என்ற கருத்து மேலோட்டத்தில் சரியாகத் தோன்றினாலும், கையில் ஒன்றும் இல்லாதவர் முதல் காய்ச்சலுக்கே மீண்டும் வட்டிக்குப் போய் நிற்பார்.

மருத்துவம் உண்மையிலேயே எதிர்பாராத செலவு. அதற்குச் சேமிப்பு மட்டும் போதாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. தகுதியிருந்தும் அட்டை எடுக்காமல் இருப்பவர்கள், நலமாக இருக்கும்போதே அதை எடுத்துவைப்பது நல்லது.

அன்றாடச் செலவு

அன்றாடச் செலவைக் கவனிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சரியான காரணத்துக்காகக் கவனிக்க வேண்டும். யுபிஐ வந்த பிறகு செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடெங்கும் 2,000 கோடி யுபிஐ பரிமாற்றங்கள் நடந்தன. பணப்பை மெலிவதைக் கண்டு கையை இழுத்துக்கொண்ட பழக்கம் போய்விட்டது. மாதம் முழுவதும் எழுதி வைப்பது பலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது. வாரச் செலவுக்கான தொகையை மட்டும் ஒரு தனிக் கணக்கில் போட்டு, யுபிஐயை அந்தக் கணக்கோடு மட்டும் இணைப்பது நடைமுறைக்கு எளிது. பணம் தீர்ந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்கும்படி கணக்கே சொல்லிவிடும். மளிகைக் கடையில் அக்கவுண்ட் வைத்து வாங்குபவர்கள், ஒரு மாதத்துக்காவது ரொக்கத்துக்கு வாங்கிப் பார்த்தால் எத்தனை பொருள்கள் விலை கேட்காமலே வீட்டுக்கு வந்தன என்பது தெரியும்.

மதுவைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டுக் குடும்பக் கணக்கைப் பேசுவது நேர்மையாகாது. டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 2024-25-இல் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நாளுக்கு 150 ரூபாய் என்றாலே மாதம் 4,500 ரூபாய். மேலே கண்ட குடும்பத்தின் கார்டில் எஞ்சிய நிலுவையை ஆறு மாதத்தில் முடித்த மாதத் தொகையைவிட அது சற்றுக் கூடுதல். ஆனால் இது வரவு செலவுத் திட்டம் போட்டுத் தீர்க்கும் செய்தி அன்று. அரசு மருத்துவமனைகளில் குடி மீட்பு சிகிச்சை உண்டு. அதுவே இங்கே முதல் படி.

தவணை தவறும்போது

இத்தனையும் செய்த பிறகும் சில மாதங்களில் தவணை தவறலாம். அப்போது பலர் கைப்பேசியை அணைத்துவிடுகிறார்கள். அது எதிராளிக்கு வலுச் சேர்க்கிறது. வங்கிக்கு எழுத்து வழியாக நிலைமையைத் தெரிவித்து, தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பதே சரியான செயல். "செட்டில்மெண்ட்" என்று, நிலுவையைவிடக் குறைந்த ஒரு தொகையைக் கட்டி முடிக்கச் சொல்லும் அழைப்புகள் வரும். அது சில சூழல்களில் வேறு வழியில்லாத தீர்வு என்றாலும், சிபில் போன்ற நிறுவனங்கள் தரும் கடன் தகவல் அறிக்கையில் "முழுவதும் கட்டி முடிந்தது" என்று பதிவாகாமல் "செட்டில்" என்றே பதிவாகி, பல ஆண்டுகள் புதிய கடனுக்குத் தடையாக நிற்கும்.

வசூல் முகவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாக்கியது. அடுத்த மாதமே வந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகள், கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் அணுகக் கூடாது என்றன. மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துப் புகார் தர வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், தொலைபேசி எண் 14448. படங்களைத் திரித்து மிரட்டும் போலிச் செயலிகள் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930.

வாரத் தவணைக் குழுக் கடனிலும் ஒரு வரம்பு உண்டு. 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரக் கூடாது. நான்காவது குழுவில் சேரச் சொல்லி வருபவரிடம் இந்த விதியைச் சொல்லி மறுக்கலாம்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்ற அதீத வட்டி முறைகளை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அந்தச் சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் உயிரை மாய்த்துக்கொண்டது. பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை என்பதே அன்று எழுந்த குற்றச்சாட்டு. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. மனுவுக்கு ஒப்புகை பெறுவதும், கட்டிய வட்டிக்குச் சான்று வைத்திருப்பதும், வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுவதும் தேவையாகின்றன. வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வட்டி கட்டினால் அதுவே சான்று. கடனால் மனம் உடைந்தவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். கடனைக் கட்ட முடியாமை தன்னளவில் சிறைக்குரிய குற்றம் அன்று. ஆனால் கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பி வந்தால் அது குற்ற வழக்காக மாறக்கூடும், கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் இதற்கு விலக்கன்று. எனவே காசோலை தரும் முன் தொகையையும் தேதியையும் நிரப்ப வேண்டும், எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடனைக் கட்டி முடிக்கும் நாளிலும் வேலை இருக்கிறது. வங்கியிடமிருந்து நிலுவையின்மைச் சான்றும், வெளியாரிடமிருந்து புரோநோட்டும் காசோலையும் அன்றே கைக்கு வர வேண்டும். வீட்டுப் பத்திரத்தை முப்பது நாளுக்குள் தராத வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. வண்டிக் கடன் எனில், பதிவுச் சான்றிலிருந்து அடமானக் குறிப்பை நீக்கப் படிவம் 35-ஐ நிதி நிறுவனத்திடம் கையெழுத்துப் பெற்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் தகவல் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறிருந்து புகார் தந்தும் முப்பது நாளில் திருத்தாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு கேட்க உரிமை உண்டு.